கெர்கே ஆற்றுக் கடற்படை

என் வீட்டுக்காரர் வெந்தெல் ஒரு அட்மிரல். சிரிக்காதீர்கள், எங்கள் கெர்கெவாரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மற்ற நாளெல்லாம் அவர் கூரைக்கு ஓடு மாற்றுகிறவர். ஜூன் மாதம் முதல் சனிக்கிழமை மட்டும் வாத்து இறகு செருகிய தொப்பியைப் போட்டுக்கொண்டு, பீர் பாட்டில் மூடிகளைப் பதக்கமாக மார்பில் குத்திக்கொண்டு, கெர்கே ஆற்றில் கப்பல் விடுவார். ஆறு என்று நான் சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். ஜூனில் அதில் ஒரு கோழி இறங்கி அக்கரைக்கு நடந்தால் வயிறு நனையாது.

இதை ஆறு ஆக்கியது நாங்கள் இல்லை. முதல் உலகப் போர் முடிந்து, பாரிஸ் பக்கம் ஓர் அரண்மனையில் கனவான்கள் கூடி எங்கள் ஹங்கேரியை வெட்டிப் பங்கு போட்டார்களே, அப்போது நடந்த கூத்து. எங்கள் ஊர் ரயில் நிலையத்தின்மேல் செக்கோஸ்லோவாக்கியாக்காரர்களுக்கு ஒரு கண். மலையடிவாரமாகப் போகிற அந்தத் தண்டவாளம் இல்லாவிட்டால் அவர்களுக்குக் கிழக்கே போக வழி கிடையாது. எல்லை போட ஓர் ஆறு வேண்டுமே! யாரோ வரைபடத்தில் எங்கள் ஓடையைக் காட்டி, இது கப்பல் போகிற ஆறு என்று சொல்லிவிட்டார்களாம். வந்து பார்க்க ஒருத்தருக்கும் நேரமில்லை. ஊர் இரண்டாகப் போயிற்று. ரயில் நிலையம், தேவாலயம், கல்லறைத் தோட்டம், வெயில் நன்றாக விழுகிற திராட்சைச் சரிவு எல்லாம் அக்கரைக்கு. நகர மண்டபம், சந்தை, சிறைச்சாலை, மழை பெய்தால் முழங்கால் சேறாகிற தெருக்கள் எங்களுக்கு. செத்துப் புதைந்திருந்த எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் படுத்த படுக்கையில் வெளிநாட்டுக்காரர்கள் ஆனார்கள்.

அந்த வயிற்றெரிச்சலில் பிறந்ததுதான் எங்கள் கடற்படை. கப்பலின் பெயரே ‘கனவான்’. தட்டையான மரப்படகு, பக்கமெல்லாம் நீல வண்ணம், நடுவில் ஒரு கம்பம். கல்லும் கணுக்கால் தண்ணீரும் உள்ள ஓடையில் வேறெப்படி ஓட்டுவது? அதனால் அடியில் நான்கு சக்கரம். துணி துவைக்கிற துறையிலிருந்து பாலம் வரை ஊர் வாலிபர்கள் தள்ளிக்கொண்டு போவார்கள். வெந்தெல் நின்றபடி சல்யூட் அடிப்பார். மேயர், ‘இந்த ஆண்டும் நம் ஆற்றில் கப்பல் எதுவும் மூழ்கவில்லை’ என்று அறிக்கை வாசிப்பார். பிறகு எல்லாரும் பிளம் சாராயம் குடிப்பார்கள். கம்யூனிஸ்டுகள் காலத்தில் இதைத் தடை செய்திருந்தார்கள், அப்போது கொல்லைப்புறத்தில் வைத்துத் தள்ளினார்கள்.

விளையாட்டு இதோடு நின்றிருந்தால் நானும் கைதட்டிவிட்டுப் போயிருப்பேன். வெந்தெல் குடும்பத்தில் ஒரு சபதம் இருந்தது. எல்லை போட்ட அன்று காலையில் அவருடைய தாத்தா பாலத்தைத் தாண்டித் தன் திராட்சைக் கொல்லைக்குப் போயிருக்கிறார். சாயங்காலம் திரும்பினால் பாலத்தில் ஒரு சிப்பாய் நின்று காகிதம் கேட்கிறான். அன்று சொன்னதுதான்: அக்கரை ஓரத்தில் புதிதாக நட்ட எல்லைக்கல் நிற்கிற வரை இந்தக் குடும்பத்து ஆண்பிள்ளை அங்கே கால் வைக்கக் கூடாது. நடுவில் சில வருடம் ஊர் ஒன்றாகி, கல்லைப் பிடுங்கிப் போட்டபோது, மனுஷர் ஒரு வேலையும் இல்லாமல் பாலத்தில் போவதும் வருவதுமாகவே இருந்தாராம். இரண்டாம் போர் முடிந்ததும் கல் பழையபடி வந்து உட்கார்ந்தது. அவரும் இக்கரையில் உட்கார்ந்துவிட்டார். அடுத்து மகன், அதற்கடுத்து என் தலையில் விழுந்த இந்தப் பேரன்.

நான் அக்கரைக்காரி. அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு சந்தைக்கு வாத்து விற்க வந்தவளை இவர் மடக்கிவிட்டார். நகர மண்டபத்தில் கையெழுத்துப் போட்டோம், அவ்வளவுதான் கல்யாணம். தேவாலயம் அக்கரையில் இருந்ததால் பீடத்துக்கு முன்னால் நிற்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதைக்கூட விடுங்கள். என் அம்மா செத்தபோது நான் தனியாகப் பெட்டிக்குப் பின்னால் நடந்தேன். மாப்பிள்ளை எங்கே, மாப்பிள்ளை எங்கே என்று சனம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், இக்கரையில் வில்லோ மரத்தடியில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். நடுவில் ஓடுவது கணுக்கால் தண்ணீர்! அந்தக் கோபம் வருடக்கணக்காக என் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

ஐரோப்பாவில் எல்லைச் சோதனை வேண்டாம் என்று எங்கள் இரண்டு நாடும் சேர்ந்து, எல்லைத் தடுப்புக் கம்பத்தை அறுத்தெறிந்த டிசம்பர் மாதம் ஊரே பாலத்தில் ஏறி ஆடியது. காகிதம் வேண்டாம், சீட்டு வேண்டாம், தூங்கி எழுந்து உள்சட்டையோடு அக்கரைக்குப் போய் ரொட்டி வாங்கலாம். இவர் பாலத்தின் பாதி வரை வந்தார்.

“கம்பத்தைத்தானே எடுத்தாங்க? கல்லு அங்கேயேதானே நிக்குது?” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துவிட்டார்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த எங்கள் ஒரே மகள் பொக்லார்கா காதலித்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? அக்கரை மாரெக்கை. அவன் அப்பா வோய்தெக், ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். ஒவ்வொரு கடற்படை நாளிலும் அக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரயில் நிலையத்துக் கை ஒலிபெருக்கியில் எங்கள் கப்பலைக் கிண்டல் செய்கிற அதே ஆள். பாதிரியாருக்குத் தோதான நாள் என்று தேவாலயக் கல்யாணத்தைக் கடற்படை நாளன்றே வைத்தார்கள். வெந்தெலுக்கு நல்ல சாக்குக் கிடைத்தது.

“கப்பலை விட்டுட்டு நான் எப்படிம்மா வர்றது?” என்றார்.

பொக்லார்கா அழவில்லை. அவள் அப்பன் பிடிவாதத்தில் ஒரு குண்டுமணி குறையாதவள். “பரவால்லப்பா. மாரெக்கோட அப்பா என் கையைப் புடிச்சுப் பீடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டாரு. நீங்க உங்க கல்லைக் கட்டிக்கிட்டு இருங்க” என்றாள். அவர் அன்று சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை, ஆனால் வீம்புக்குச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை நகர மண்டபத்தில் கையெழுத்து முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் மழையில் நனைந்துகொண்டே அக்கரைக்குத் திரும்பினார்கள். மேலே மலையில் அந்த வாரம் முழுக்கக் கொட்டியிருந்தது. சனிக்கிழமை காலை எழுந்து ஜன்னலைத் திறந்தால், காதை அடைக்கிற ஒரு சத்தம். என்னடா என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். கெர்கே வந்திருந்தாள்!

அடேயப்பா! அகலமென்றால் அப்படி ஒரு அகலம், காப்பி நிறத்தில் சுழித்துச் சுழித்துப் போகிறது. முழு மரமொன்று பாலத்தின் கண்ணில் சிக்கி, தண்ணீர் பாலத்துக்கு மேலே ஏறிப் பாய்கிறது. தீயணைப்புப் படை இரண்டு பக்கமும் கயிறு கட்டிப் பாலத்தை மூடிவிட்டது. மேற்கே அடுத்த பாலத்துக்குப் போகிற சாலையும் தண்ணீருக்குள். மணப்பெண், பித்தளை வாத்தியக் குழு, சமையல்காரிகள் இக்கரையில். மாப்பிள்ளை, பாதிரியார், கேக், கோழி சூப் அண்டா எல்லாம் அக்கரையில்.

ஊர் மொத்தமும் கரைக்கு வந்துவிட்டது. பொக்லார்கா வெள்ளைக் கவுனைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அடியில் ரப்பர் பூட்ஸோடு முன்னால் நின்றாள். அக்கரையில் மாரெக் இரண்டு கையையும் வீசுகிறான். வோய்தெக்கின் ஒலிபெருக்கி கரகரத்தது.

“வணக்கம் சம்பந்தி! இன்னிக்குக் கடல் எப்படி இருக்கு? கப்பல் புறப்படுமா, இல்ல காலதாமதமா?”

சிரிப்பு இரண்டு கரையிலும் எழுந்தது. வெந்தெல் காதில் வாங்கவே இல்லை. அவர் வில்லோ மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தில் கட்டியிருந்த ‘கனவான்’ மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. தரையில் இல்லை, தண்ணீரில்! தொண்ணூறு வருடமாக எங்கள் ஓடை கப்பல் போகிற ஆறு என்று சொன்ன பொய் கண்ணெதிரே நிஜமாகி நின்றது.

“கிஸெல்லா, மிதக்குதுடி!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். “பாருடி, மிதக்குது!”

“மிதந்தா ஏறுங்க. பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க.”

“நானா?”

“பின்னே, அந்த மேயரா? அட்மிரல்னு தொப்பி போட்டுக்கிட்டுத் திரியறது யாரு?”

தீயணைப்புத் தலைவர் குறுக்கே வந்தார். “யாரும் தண்ணியில இறங்கக் கூடாது. இதுல எந்தப் படகும் போகாது, சொல்லிட்டேன்” என்றார்.

பாவம், யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிவிட்டார். வெந்தெலின் மீசை துடித்தது. “என்னய்யா சொன்னீரு? படகு போகாதா? இதுல கப்பல் போகும்னு சொல்லித்தானே எங்க ஊரை ரெண்டாக் கிழிச்சீங்க? ஸ்டேஷனைப் புடுங்கினீங்க? தொண்ணூறு வருஷம் கப்பல் போகிற ஆறு, தண்ணி வந்த அன்னிக்கு மட்டும் போகாதா?”

கூட்டம் ‘அப்படிப் போடு’ என்று கத்தியது. தலைவர் தலையைச் சொறிந்தார். கடைசியில், கயிறு இரண்டு கரையிலும் இருந்தால், மிதவைச் சட்டை போட்டால், தன் ஆட்கள் பிடித்தால் சரி என்று இறங்கி வந்தார். அவருக்கும் ஆசைதான், கண்ணிலேயே தெரிந்தது.

பிறகு பாருங்கள் வேடிக்கையை. கப்பலுக்குத் துடுப்பு இல்லை. இத்தனை வருடம் தள்ளியே பழகிய கப்பலுக்குத் துடுப்பு எதற்கு? அடுத்தது அதைவிட அழகு: வருடா வருடம் நீல வண்ணம் பூசினார்களே தவிர, பலகை இடுக்கை அடைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. உள்ளே தண்ணீர் குபுகுபுவென்று ஊறுகிறது.

“அட்மிரல், உங்க கப்பல் சூப் பாத்திரம் மாதிரில்ல இருக்கு! எங்க கோழியை அனுப்பவா?” என்றது ஒலிபெருக்கி.

நான் கல்யாணச் சமையலுக்குத்தான் ஓடினேன். மேசை நிறைய ரேதெஷ் மாவு பிசைந்து வைத்திருந்தார்கள், ஆப்பிள் வைத்துச் சுருட்ட. ரப்பர் போல இழுபடுகிற மாவு. அதை அள்ளினேன், பன்றிக் கொழுப்பு வாளியையும் தூக்கினேன். நாலைந்து பெண்கள் கப்பலைக் கரையில் சாய்த்து, இடுக்கு இடுக்காக மாவைத் திணித்து மேலே கொழுப்பைப் பூசினோம். “ரேதெஷ் போச்சே!” என்று சமையல்காரி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “கல்யாணமே போகப் போகுது, நீ ரேதெஷுக்கு அழறியா?” என்றேன்.

அக்கரையில் ஒரு மீன்பிடிக்காரன் தூண்டிலை வீசினான். ஈயக்குண்டு பறந்து வந்து மேயரின் காலடியில் விழுந்தது. நரம்பில் சணல், சணலில் கயிறு. ஆளாளுக்கு இழுத்துக் கப்பலின் மூக்கில் கட்டினார்கள். பின்பக்கம் எங்கள் கரையின் கயிறு. அந்தப் பக்கம் வோய்தெக்கும் மாரெக்கும் அவர்கள் சனமும், இந்தப் பக்கம் தீயணைப்புக்காரர்களும் வாலிபர்களும். பாலத்துக்குக் கீழ்ப்புறமாக, ஓட்டத்தோடு சாய்வாகப் போக வேண்டும்.

வெந்தெல் ஏறினார். பொக்லார்கா ஏறினாள், கவுனுக்கு மேல் ஆரஞ்சு மிதவைச் சட்டை. நானும் ஏறினேன். யார் தடுத்தாலும் ஏறியிருப்பேன்.

கப்பல் புறப்படுகிற நேரத்தில் அவர் என் காதில் மெதுவாகச் சொன்னார். “நான் இறங்கமாட்டேன். கப்பல்லயே நின்னு உங்களை இறக்கி விட்டுட்டுத் திரும்பிடுவேன். கப்பல்ல நின்னா கால் வச்சதா ஆகாது.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைத் தள்ளிவிட்டிருப்பேன், அதற்குள் வாத்தியக் குழு ஊத ஆரம்பித்துவிட்டது. கயிறு விறைத்தது. ‘கனவான்’ குதித்துக் கிளம்பியது. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை என்ன சொல்ல! தண்ணீர் முகத்தில் அடிக்கிறது, கப்பல் முன்னும் பின்னும் துள்ளுகிறது, இரண்டு கரையும் ‘ஏலேலோ’ போட்டு இழுக்கிறது. பொக்லார்கா சின்னப் பிள்ளை மாதிரி கத்துகிறாள். நானும் கத்துகிறேன். வெந்தெல் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டே சல்யூட் அடிக்கிறார், கண்ணில் நீர் ஓடுகிறது. நடு ஆற்றைத் தாண்டியபோது எந்த நாட்டில் இருக்கிறோம் என்று நாங்கள் யாருமே பார்க்கவில்லை.

அக்கரை நெருங்கி விட்டது. வோய்தெக்கின் மூக்கு முடிகூடத் தெரிந்தது. அப்போது டமால் என்று அடியில் ஓர் அடி. கப்பல் நின்றுவிட்டது. முன்சக்கரம் எதிலோ மாட்டிக்கொண்டது. கரையில் இழுக்க இழுக்கக் கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்தது. மாவு பிய்ந்து தண்ணீர் உள்ளே பாய்ந்தது.

“இழுக்காதீங்க! நிறுத்துங்க!” என்று கத்திய வெந்தெல், குப்புறப் படுத்துத் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினார். துழாவிய கை நின்றது. முகம் மாறிப் போயிற்று.

“என்னங்க? மரமா?”

“கல்லு” என்றார். “அந்தக் கல்லுதான்.”

எல்லைக்கல்! வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த அது சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. யாராவது இறங்கிக் கப்பலைத் தோளால் தூக்கினால் ஒழிய விடுபடாது. தண்ணீர் பொக்லார்காவின் பூட்ஸுக்கு மேல் வந்துவிட்டது.

“அப்பா!” என்றாள். அதுவரை வீம்பாக இருந்தவள் குரல் உடைந்துவிட்டது.

முப்பது வருடமாகச் சொல்லாததையா அந்த நேரத்தில் சொல்லப் போகிறேன்? அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மகளைப் பார்த்தார், ஒரே தடவை. பிறகு தொப்பியைக்கூடக் கழற்றாமல் பக்கவாட்டில் இறங்கினார். கல்லைத் தாண்டி, அக்கரைச் சேற்றில், மார்பு வரை தண்ணீரில் நின்றார். முதுகைக் கொடுத்துத் தூக்கினார். கப்பல் அசையவில்லை.

“சம்பந்தி!” என்று அலறினார். “ஒரு கை குடுங்க சம்பந்தி! என்ன வேடிக்கை பாக்குறீங்க?”

அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்க வோய்தெக் ஒரு வருடமாகக் காத்திருந்தார். ஒலிபெருக்கியை வீசிவிட்டு, கல்யாணக் கோட்டோடு கயிற்றைப் பிடித்துக்கொண்டே தண்ணீரில் இறங்கினார். இரண்டு கிழவர்களும் தோளோடு தோள் முட்டிக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொண்டு தூக்கினார்கள். ‘கனவான்’ முனகிக்கொண்டே விடுபட்டுக் கரையில் போய்ச் சொருகியது. மாரெக் பொக்லார்காவை அப்படியே தூக்கிக்கொண்டான். இரண்டு கரையும் ஆர்ப்பரித்த சத்தத்தில் வெள்ளத்தின் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

தேவாலயத்தில் வெந்தெல் மகளின் கையைப் பிடித்து நடந்தார். ஒவ்வோர் அடிக்கும் பூட்ஸில் சளக் சளக் என்று சத்தம். பதக்கங்களில் பாதி ஆற்றோடு போயிருந்தது. பாதிரியார் சிரிப்பை அடக்க முடியாமல் ஜெபத்தை இரண்டு முறை தொடங்கினார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல்.

கல்யாணம் முடிந்து எல்லாரும் வாசலுக்கு வந்து அரிசி வீசுகிறார்கள், இவரைக் காணோம். சூப் அண்டாவிடம் பார்த்தேன், இல்லை. வோய்தெக் கண்ணாலேயே பக்கத்துக் கதவைக் காட்டினார். அதன் வழியாகப் போனால் கல்லறைத் தோட்டம்.

என் அம்மாவின் கல்லறைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். யாரும் வழி காட்டவில்லை. அன்று வில்லோ மரத்தடியில் நின்றபடியே, ஊர்வலம் எந்த மரத்துப் பக்கம் திரும்பியது, எங்கே நின்றது என்று பார்த்து வைத்திருந்தாராம். தொப்பி கையில், தலையிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டுகிறது.

“மன்னிச்சுக்குங்க அத்தை” என்றார். “வர ரொம்ப லேட்டாயிடுச்சு.”

நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கை ஐஸாக இருந்தது, பிடித்துக்கொண்டேன்.

அப்போது ஆற்றுப் பக்கமிருந்து ஓர் ஆள் மூச்சு வாங்க ஓடி வந்தான். “அட்மிரல்! அட்மிரல்! சந்தோஷத்துல கப்பலை யாருமே கட்டலை! அவுத்துக்கிட்டுக் கீழ போகுது, ஆத்து வளைவைத் தாண்டிடுச்சு, ஓடுங்க!”

வெந்தெல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“போகட்டும் விடு” என்றார். “ஆறுன்னா கப்பல் போகத்தானே செய்யும்.”